மயில் ஏன் கழுத்தோடு நின்றது?

நெய்வேலி நகரியத்தின் பழைய குவார்ட்டர்ஸ் வீடுகளுக்குள் நீங்கள் போயிருந்தால், கூடத்துச் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டிய ஒரு படத்தைப் பார்த்திருப்பீர்கள். கிளியோ, அன்னமோ, ரோஜாக் கூடையோ இருக்கும். கிட்டப் போய்ப் பாருங்கள்: அது வரைந்த படம் அன்று. ஆயிரக்கணக்கான சின்னஞ்சிறு பெருக்கல் குறிகள் சேர்ந்து படமாகியிருக்கின்றன. கட்டம் கட்டமாக நெய்த 'மேட்டி' துணியில் போடும் கிராஸ் தையல் இது.

சுவரில் தொங்குபவை முடிந்த படங்கள். முடியாதவை டிரங்குப் பெட்டிக்குள் இருக்கின்றன. உங்கள் வீட்டுப் பெட்டியிலும் ஒன்று இருந்தால் வியப்பதற்கில்லை.

சென்ற ஆண்டு எங்கள் பக்கத்து வீட்டுப் பெட்டியிலிருந்து அப்படி ஒன்று வெளியே வந்தது. அந்த வீட்டுக்காரர் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். செப்டம்பர் மாதக் கடைசியில் அவருக்கு ஓய்வு. ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும் அல்லவா? எனவே ஜூன் மாதமே பெட்டிகளைப் பிரித்து அடுக்கத் தொடங்கிவிட்டார்கள். ஒரு பெட்டியின் அடியில் பழைய போர்வைக்குள் சுருட்டி வைத்த மேட்டி துணி இருந்தது. அதில் ஒரு மயில்: தலை இருந்தது, கொண்டை இருந்தது, கழுத்து இருந்தது. அதற்குக் கீழே வெறும் வெள்ளைத் துணி. சுற்றிலும் பூக்கரை போட்டிருந்தது. ஆனால் இடது மூலையில் கரை சேராமல் நின்றிருந்தது. அந்த வீட்டு அம்மா கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த புதிதில் தொடங்கியது அது.

"இதை நான் முடிக்கட்டுமா அம்மா?" என்று பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள் கேட்டாள். "அது முடியாதும்மா. நானே மூன்று தடவை பிரித்துப் பிரித்துப் போட்டேன். கரை சேரவே இல்லை" என்றார் அம்மா. நான் கணக்கு ஆசிரியன் என்பதால், கட்டக் கணக்கைப் பார்க்க என்னைக் கூப்பிட்டார்கள். எனக்கு ஊசியில் நூல் கோக்கத்தான் தெரியும், தையல் தெரியாது. இருந்தாலும் போனேன். அந்தத் துணியிலிருந்து நான் கற்றுக்கொண்டதையே இங்கே சொல்கிறேன்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இன்னும் எவ்வளவு பாக்கி என்பது. இதைத்தான் யாரும் கேட்பதில்லை. 'இன்னும் நிறைய இருக்கிறது' என்பது விடை அன்று.

மயில் படத்தின் மாதிரித்தாள் அகலத்தில் 100 கட்டம், உயரத்தில் 140 கட்டம். மொத்தம் 14,000 கட்டங்கள். எல்லாவற்றையும் நிரப்ப வேண்டியதில்லை. பின்னணி வெறும் துணிதான். நிரப்ப வேண்டியதில் எவ்வளவு மிச்சம் என்று அறிய 14,000 கட்டத்தையும் எண்ண வேண்டுமா? வேண்டாம். தாளைப் பத்துக்குப் பத்துச் சதுரங்களாகக் கோடு போட்டுப் பிரித்தோம். 140 சதுரங்கள் வந்தன. ஒவ்வொன்றிலும் 100 கட்டம். முழுவதும் நிரப்ப வேண்டிய சதுரம், பாதி நிரப்ப வேண்டியது, கால் நிரப்ப வேண்டியது என்று குத்துமதிப்பாகக் கூட்டினால் பாக்கி ஏறத்தாழ 48 சதுரம். அதாவது 4,800 பெருக்கல் குறிகள். இந்த வேலைக்கு ஆன நேரம் ஐந்து நிமிடம்.

அடுத்து வேகம். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அந்தப் பெண் பத்து நிமிடம் தைத்தாள். 20 குறிகள் போட முடிந்தது. மணிக்கு 120. 4,800 குறிக்கு 40 மணி நேரம். நாள்தோறும் மாலையில் அரை மணி தைத்தால் 80 நாள். ஜூன் 12ஆம் தேதி தொடங்கினால் ஆகஸ்டு கடைசியில் முடியும்! இருபது ஆண்டாக முடியாத படத்துக்கு எண்பது நாள் போதும் என்றதும் அவள் அம்மா சிரித்துவிட்டார். நம்பவில்லை என்பது தெரிந்தது.

அப்பாவுக்கு மட்டும் இது புதிதாகத் தோன்றவில்லை. சுரங்கத்தில் தினமும் கேட்கும் கேள்வி இதுதானே! நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கனத்த மண்படிவம் கிடக்கிறது. ஒரு டன் நிலக்கரி எடுக்க ஏறத்தாழ ஐந்தரைக் கன மீட்டர் மண்ணை அகற்ற வேண்டும். சக்கரத்தின் விளிம்பில் வாளிகள் பொருத்திய ராட்சத இயந்திரங்கள் அதைச் சுரண்டி எடுக்கின்றன. அவற்றில் ஒரு வகையில் ஒரு வாளியின் கொள்ளளவு 1,400 லிட்டர், அதாவது 1.4 கன மீட்டர். ஆக ஒரு டன்னுக்கு நான்கு வாளி மண். 1957 மே 20 அன்று ஜவாஹர்லால் நேரு இங்கே சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். நிலக்கரி கண்ணில் பட்டது 1961 ஆகஸ்டில். நான்கு ஆண்டுக்கும் மேலாக வெறும் மண்ணையே அள்ளிக்கொண்டிருந்தார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள். எத்தனை கன மீட்டர் போயிற்று, எத்தனை பாக்கி என்ற கணக்கு கையில் இல்லாவிட்டால் அந்த நான்கு ஆண்டு எப்படிப் போயிருக்கும்?

சரி, மயிலுக்கு வருவோம். கணக்குப் போட்டாயிற்று, தைக்கத் தொடங்கினால் ஒவ்வொன்றாகத் தொல்லை வருகிறது. முதல் தொல்லை நூல்.

அடிக்கடி நூல் கோப்பது சலிப்பாக இருக்கிறது என்று நீளமாக நூல் எடுப்பது எல்லாரும் செய்வது. ஆனால் தையல் தெரிந்த பாட்டிமார் 'ஒரு முழத்துக்கு மேல் எடுக்காதே' என்பார்கள். முழம் என்பது ஏறத்தாழ 45 செ.மீ. இந்த அளவு சரிதானா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

அந்தத் துணியில் ஓர் அங்குலத்துக்கு 14 கட்டம். (உங்கள் துணியில் 11 இருக்கலாம், அளந்துகொள்ளுங்கள்.) ஓர் அங்குலம் 25.4 மி.மீ. எனவே ஒரு கட்டத்தின் பக்கம் 1.8 மி.மீ. பெருக்கல் குறியின் ஒவ்வொரு கோடும் அந்தச் சதுரத்தின் மூலைவிட்டம். பிதாகரஸ் தேற்றப்படி மூலைவிட்டம் பக்கத்தைப்போல் 1.414 மடங்கு, அதாவது 2.55 மி.மீ. இரண்டு கோட்டுக்கு 5.1 மி.மீ. துணியின் பின்புறம் ஊசி கீழிருந்து மேலாக இரண்டு முறை ஒரு பக்க நீளம் போகிறது, அது 3.6 மி.மீ. ஆக 8.7 மி.மீ. துணியின் கனத்தைக் கடக்கும் நூலையும் சேர்த்தால் ஒரு குறிக்கு ஒரு செ.மீ. நூல் என்று வைத்துக்கொள்ளலாம். 45 செ.மீ. நூலில் தொடக்கத்திலும் முடிவிலும் சொருகுவதற்கு 8 செ.மீ. போனால் மிச்சம் 37 செ.மீ.; 37 குறிகள்.

ஒரு குறிக்கு ஊசி துணியை நான்கு முறை கடக்கிறது. எனவே ஊசிக்கு அருகே உள்ள நூல் பகுதி, தான் தையலாகும் முன் 37 × 4 = 148 முறை துணியின் துளைக்குள் உரசிப் போய்வருகிறது. இரண்டு முழ நூல் எடுத்தால்? 82 குறிகள், 328 உரசல்கள்! நூல் மயிர்மயிராகப் பிரிந்து பளபளப்பு போவது இதனால்தான்.

நீள நூலால் மிச்சமாகும் நேரம் எவ்வளவு? 4,800 குறிக்கு முழ நூல் 130 தடவை கோக்க வேண்டும். ஒரு தடவை கோத்து, பிறகு முடிவைச் சொருக இரண்டு நிமிடம் என்றால் 260 நிமிடம். அரை மணிக் கணக்கில் ஒன்பது நாள். நம் 80 நாள் 89 நாளாகிவிட்டது பார்த்தீர்களா? இதை முதலில் நான் கணக்கில் சேர்க்கவில்லை. அந்தப் பெண்தான் கேட்டாள். இரண்டு முழ நூல் எடுத்தால் இதில் பாதிக்குச் சற்று அதிகம் மிச்சமாகும். ஆனால் நான்கு இடத்தில் சிக்கு விழுந்தாலே மிச்சமான நேரம் போய்விடும். பாட்டியின் முழம் சரியான அளவுதான்.

சிக்கு ஏன் விழுகிறது? பஞ்சு நார்கள் குட்டையானவை. அவற்றை முறுக்குவதால்தான் ஒன்றோடொன்று உராய்ந்து பிடித்துக்கொண்டு நூலாகின்றன. நாம் ஊசியைப் பிடித்துத் தைக்கும்போது விரல்களுக்கிடையே அது சிறிது உருள்கிறது. ஒரு குறிக்குக் கால் சுற்று உருண்டாலும் 37 குறியில் ஒன்பது சுற்று முறுக்கு கூடிவிடும். ரப்பர் வளையத்தை முறுக்கிக்கொண்டே போங்கள்: ஓரளவுக்கு மேல் அது நேராக நிற்காது, தானே சுருண்டு முடிச்சுப்போல் ஆகும். முறுக்கில் அடைபட்ட ஆற்றல் சுருளாக வெளிப்படுகிறது. நூலிலும் இதேதான். பத்துப் பதினைந்து குறிக்கு ஒரு முறை துணியைத் தலைகீழாகப் பிடித்து ஊசியைத் தொங்கவிடுங்கள். அது பம்பரம்போல் எதிர்ப்பக்கம் சுற்றிச் சுற்றி நிற்கும். முறுக்கு கழன்றுவிட்டது. நம் உடலின் செல்லுக்குள் இருக்கும் டி.என்.ஏ. இழைக்கும் இந்தத் தொல்லை உண்டு. அங்கே ஊசியைத் தொங்கவிட முடியாதே! இழையை வெட்டி, முறுக்கைக் கழற்றி, மறுபடி ஒட்டுவதற்கென்றே நொதிகள் இருக்கின்றன. டோபோஐசோமரேஸ் எனப்படும் இவ்வகை நொதி ஒன்றை ஜேம்ஸ் வாங் என்னும் விஞ்ஞானி 1971இல் கண்டுபிடித்தார்.

இனி, அம்மா போட்ட கழுத்துப் பகுதியில் ஒரு விநோதத்தைக் கவனித்தோம். ஒரே நீல நூல்தான். ஆனால் ஒரு திட்டு மட்டும் வெளுத்ததுபோல் தெரிந்தது. துணியைத் திருப்பிப் பிடித்தால் அந்தத் திட்டு கருத்து, மற்றது வெளுத்தது. சாயம் போனதா? இல்லை. அந்தத் திட்டில் மேல்கோடு வலப்பக்கம் சாய்வதற்குப் பதிலாக இடப்பக்கம் சாய்ந்திருந்தது, அவ்வளவுதான்.

இதைப் புரிந்துகொள்ள நூலின் பளபளப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். காயிலிருந்து வெடித்த பஞ்சு நார் உலர்ந்ததும் அமுங்கி, முறுக்கிய ரிப்பன்போல ஆகிவிடுகிறது. அதில் பட்ட ஒளி பல பக்கமும் சிதறும், பளபளப்பு இராது. இங்கிலாந்தில் ஜான் மெர்சர் என்பவர் 1844இல் காஸ்டிக் சோடா கரைசலைப் பருத்தித் துணியால் வடிகட்டியபோது துணி தடித்துச் சுருங்கியதைக் கண்டார். சோடியம் ஹைடிராக்சைடு செல்லுலோசுக்குள் புகுந்து நாரை உப்ப வைக்கிறது. தட்டை ரிப்பன் உருண்டைக் குழலாகிறது. 1890இல் ஹொரேஸ் லோ என்பவர் நூலைச் சுருங்கவிடாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டே இதைச் செய்தார், பட்டுப்போல் மின்னியது. நாம் வாங்கும் எம்பிராய்டரி நூல் இப்படி 'மெர்சரைஸ்' செய்ததுதான். உருண்டையான வழவழப்பான நூல் ஒளியை எல்லாப் பக்கமும் ஒரே அளவில் அனுப்பாது. அது கிடக்கும் திசையைப் பொறுத்து ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் அனுப்பும். ஆகவே எல்லாக் குறிகளிலும் மேல்கோடு ஒரே பக்கம் சாய வேண்டும். அது பழக்கத்துக்காகச் சொல்வதன்று, ஒளியியல். பட்டுப் புடவையின் முந்தானையைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள், தெரியும்.

நூல் வாங்கும் கணக்கும் எளிது. ஒரு நூல்கண்டு 8 மீட்டர். அதில் ஆறு இழைகள் இருக்கும். இரண்டிரண்டாகப் பிரித்துத் தைத்தால் 24 மீட்டர். ஒரு முழத்துக்கு 37 குறி என்றால் கண்டு ஒன்றுக்கு 1,900 குறிக்கு மேல். மெயின் பஜாரில் அதே எண் போட்ட பச்சை நூல் கிடைத்தது. ஆனால் இருபது ஆண்டுக்கு முன் சாயம் போட்ட நூலும் இன்று போட்டதும் இம்மியும் பிசகாமல் ஒத்திருக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் புதுப் பச்சையைப் பழைய பச்சைக்குப் பக்கத்தில் வைக்காமல் தோகையின் நுனியில் பயன்படுத்தினாள். கெட்டிக்காரி.

இப்போது கரைக்கு வருவோம். அம்மாவை நிறுத்திவைத்தது தோகை அன்று, இந்தக் கரைதான்.

பூக்கரையில் பத்துக் கட்டத்துக்கு ஒரு பூ. உயரத்தில் 14 பூ, 140 கட்டம். வலப்பக்கம் சரியாக இருந்தது. இடப்பக்கத்தில் எங்கோ ஒரு கட்டம் கூடிவிட்டதால் கீழ்க்கரையும் இடக்கரையும் மூலையில் ஒரு கட்டம் தள்ளி நின்றன. அம்மா ஒவ்வொரு தடவையும் கடைசி இரண்டு பூக்களைப் பிரித்துவிட்டுத் திருப்பிப் போட்டிருக்கிறார். கரை சேராதது அங்கேதானே தெரிந்தது! ஆனால் தவறு தெரியும் இடம் வேறு, தவறு நடந்த இடம் வேறு.

நடந்த இடத்தை எப்படிப் பிடிப்பது? முதலிலிருந்து எண்ணலாம், ஆனால் எண்ணுவதிலேயே மறுபடி தவறுவோம். துணியை நெடுக்கில் இரண்டாக மடித்து, இடக்கரையையும் வலக்கரையையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து சன்னல் வெளிச்சத்தில் பிடித்தோம். மேல் மூலைகளைச் சேர்த்துப் பிடித்து, நடுவில் உள்ள ஏழாவது பூவைப் பார்த்தோம். இரண்டு பக்கமும் பொருந்தியது. ஆகவே மேற்பாதியில் தவறு இல்லை. அடுத்து, கீழ்ப்பாதியின் நடுவில் பதினோராவது பூ. பொருந்தவில்லை! அப்படியானால் எட்டுக்கும் பதினொன்றுக்கும் இடையில். ஒன்பதாவது பொருந்தியது, பத்தாவது பொருந்தவில்லை. பத்தாவது பூவை எண்ணினால் காம்பில் ஒரு கட்டம் அதிகம். நான்கே பார்வையில் ஆள் அகப்பட்டுவிட்டது. ஒவ்வொரு முறையும் பாதி பாதியாகக் கழித்தால் 16 பூ இருந்தாலும் நான்கு பார்வைதான். 1,024 பூ இருந்தாலும் பத்துப் பார்வைதான். கணிப்பொறியில் வரிசைப்படி அடுக்கிய பட்டியலில் ஒரு பெயரைத் தேடுவதும் இந்த முறையில்தான்.

பத்தாவது பூவிலிருந்து பிரித்தாக வேண்டும். இருபது ஆண்டு உட்கார்ந்திருந்த நூல் அல்லவா, துணியில் தடம் விட்டிருந்தது. பிரித்தது அம்மாதான், மகளிடம் கொடுக்கவில்லை.

அந்த ஒரு கட்டம் எப்படிக் கூடியிருக்கும்? 1871இல் ஸ்டான்லி ஜெவன்ஸ் என்னும் ஆங்கில அறிஞர் ஓர் எளிய சோதனை செய்தார். ஒரு பெட்டிக்குள் கைப்பிடி அவரை விதைகளை வீசி, எண்ணாமல் பார்த்த மாத்திரத்தில் எத்தனை என்று சொல்லிப் பார்த்தார். ஆயிரம் தடவைக்கு மேல் செய்தார். மூன்று, நான்கு விதைகள் விழுந்தபோது ஒரு தடவையும் தவறவில்லை. ஐந்தில் தவறத் தொடங்கினார். எண்ணிக்கை ஏற ஏறத் தவறும் ஏறியது. நீங்களும் மொச்சை விதையை வைத்துச் செய்து பாருங்கள். நம் கண் நான்கைத் 'தெரிந்துகொள்கிறது'; அதற்கு மேல் எண்ணத்தான் வேண்டும். வெள்ளைத் துணியில் பத்து வெற்றுக் கட்டத்தைத் தாண்டிப் போ என்றால் ஒன்பதோ பதினொன்றோ ஆவது இயல்பு. அதனால்தான் பத்துக் கட்டத்துக்கு ஒரு கோடாகத் துணி முழுவதும் வேறு நிற நூலை ஓடவிட்டுக்கொள்வார்கள். வேலை முடிந்ததும் உருவிவிடலாம். தவறு நேர்ந்தாலும் பத்துக் கட்டத்தைத் தாண்டாது.

நீலகிரியில் தோடர் பெண்களுக்கு இந்தக் கோடும் தேவைப்படுவதில்லை, மாதிரித்தாளும் தேவைப்படுவதில்லை. முரட்டு வெள்ளைத் துணியில் நெசவு இழைகளையே எண்ணி எண்ணிச் சிவப்பு, கறுப்பு நூலால் கோலம் போடுகிறார்கள். வளையமோ சட்டமோ கிடையாது. விரலாலேயே துணியை நிமிர்த்திக்கொள்கிறார்கள். தைத்ததா, நெய்ததா என்று சந்தேகம் வரும், அத்தனை நெருக்கம். அவர்கள் போர்த்தும் பூத்துக்குளிச் சால்வையை எங்காவது பார்க்க நேர்ந்தால் கரையைச் சற்று நேரம் எண்ணிப் பாருங்கள். தோடர் பூத்தையலுக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

துண்டுத் துணிகளை இணைத்துப் போர்வை தைப்பவர்களுக்கும் கரை சேராத தொல்லை உண்டு. அங்கே கட்டம் கிடையாது, அளவுதான். ஒரு வரிசையில் 20 துண்டு. ஒவ்வொன்றும் ஒரு மி.மீ. குறைந்தால் வரிசை 2 செ.மீ. குறையும். ஆனால் ஒன்று கூடி ஒன்று குறைந்து தாறுமாறாக இருந்தால், ஒன்றையொன்று ஈடுகட்டி, மொத்தப் பிழை பெரும்பாலும் 20இன் வர்க்கமூலம், அதாவது நாலரை மி.மீ. அளவிலேயே நிற்கும். கை நடுங்கித் தைப்பவர் போர்வையைவிட, தேய்ந்த அளவுகோலை நம்பி ஒரே சீராகத் தைப்பவர் போர்வைதான் கோணலாகும்! கர்நாடகத்தின் வட கன்னட மாவட்டத்துக் காடுகளில் வாழும் சித்தி இனப் பெண்கள் பழைய துணிகளைக் கொண்டு 'கவந்தி' என்னும் போர்வை தைக்கிறார்கள். அவர்கள் ஒரு மூலையில் தொடங்கி, ஓரத்தைச் சுற்றித் துண்டுகளைப் பதித்துக்கொண்டே உள்ளே வந்து நடுவில் முடிக்கிறார்கள். ஓரம் முதலிலேயே சரியாக அமைந்துவிடுகிறது. வழியில் நேரும் கூடுதல் குறைவெல்லாம் நடுவில் வைக்கும் கடைசித் துண்டின் அளவில் அடங்கிவிடுகின்றன. பிழையை ஒழிப்பதற்குப் பதில் பிழைக்கு ஓர் இடம் ஒதுக்கிவிட்டார்கள்.

மயில் என்ன ஆயிற்று? தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்புறம் அன்றைய எண்ணிக்கையை அவள் குறித்து வைத்தாள். முதல் வாரம் அரை மணிக்கு 50ஐத் தாண்டவில்லை, கை பழகவில்லை. ஜூலை நடுவில் 75 ஆயிற்று. தேர்வு வாரத்தில் பூஜ்யம். காற்றடித்தால் தூசு படியும் ஊர் இது. தைக்காத நேரத்தில் துணியைத் தலையணை உறைக்குள் போட்டு வைத்தாள், வளையத்தைக் கழற்றிவிட்டுத்தான். வளையத்தோடு விட்டால் வட்டத் தழும்பு விழுந்து, அந்த மடிப்பில் அழுக்கும் ஏறிவிடும். செப்டம்பர் 14ஆம் தேதி தோகையின் கடைசிக் கண் முடிந்தது. எங்கள் கணக்குக்கு ஐந்து நாள் பிந்தி.

சாமான் ஏற்ற லாரி வந்த அன்று படத்துக்கு இன்னும் கண்ணாடி போட்டிருக்கவில்லை. துணியை மடிக்காமல் ஒரு குழாயில் சுருட்டி அம்மா கையிலேயே வைத்துக்கொண்டார். நூல்கண்டு மிச்சம் இருந்தது, மேட்டி துணியிலும் ஒரு துண்டு மிச்சம். வண்டியில் ஏறும் முன் அந்தத் துண்டை விரித்து, "இதில் எத்தனை கட்டம் சார் இருக்கும்?" என்று என்னைக் கேட்டார்.